பண்ணைக்காரம்மாவின் பெருவிரல்

என் இடது முழங்காலில், சில்லுக்குக் கீழே உள்பக்கமாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே யாராவது கை வைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு நின்றுபோகும். வலியெல்லாம் இல்லை. முழங்கால் கல்லு மாதிரி இருக்கிறது. அதை நம்பித்தான் பன்னிரண்டு வருஷமாகப் போலீஸ் வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இது வெறும் பயம். ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த இடத்தில் ஒரு பெருவிரல் வந்து உட்காரும். அழுத்தும். கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருப்போம். தன் முறை முடியும் வரை ஒருத்தியும் எச்சில்கூட விழுங்க மாட்டாள்.

விரலுக்குச் சொந்தக்காரரை நாங்கள் பண்ணைக்காரம்மா என்போம். முகத்துக்கு நேரே என்றால் வெறும் அம்மா. சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைப் பக்கம் போகும் வழியில் அவருடைய கோழிப்பண்ணை. நீளநீளமாக ஒன்பது ஷெட், தீனி அரைக்கும் மில், அதை ஒட்டி எங்களுக்கு இரண்டு ரூம், பின்னால் செம்மண் கொட்டி உருட்டிய கபடி மைதானம். அவர் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது ஒரு ஆண்கள் டீம் வைத்திருந்தாராம். அது ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு, திரும்பி வந்து கறிசோறு சாப்பிடுமாம். அவர் போன மூன்றாம் மாதம் அம்மா அந்த டீமைக் கலைத்தார். "தோக்கறதுக்கு எதுக்குங்க சோறு?" என்று கேட்டாராம். அடுத்த மாதமே பெண்கள் டீம் கட்ட ஆள் தேடத் தொடங்கிவிட்டார்.

மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, தினம் ஆளுக்கு நாலு முட்டை. கூலிக்கு ஆடுகிற பொண்ணுங்க என்று மற்ற டீம்கள் எங்களைக் கேலி பேசின. பேசிவிட்டுத் தோற்றுப்போயின. ஏழு வருஷம் எங்களை ஒருவரும் ஜெயிக்கவில்லை. எங்கள் வேன் மைதானத்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் சில டீம்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டிவிடும். மைக்கில் பேசுகிறவர், "ரெண்டாம் பரிசு ஆருக்குன்னு இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுரும்ங்க!" என்று அறிவிப்பார். கூட்டம் சிரிக்கும். பிற்பாடு சிரிப்பும் நின்றுபோனது. சில ஊர்த் திருவிழாக் கமிட்டிகள், 'இந்த வருஷம் மட்டும் வராதீங்கம்மா, ஆட்டம் களை கட்ட மாட்டேங்குது' என்று ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டன. இப்படி ஜெயிப்பதில் ஒரு சந்தோஷமும் இல்லை என்பது எனக்கு இரண்டாம் வருஷமே தெரிந்துவிட்டது. நாங்கள் எதிர் டீமுக்குப் பயந்து ஆடவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பயந்து ஆடினோம்.

ஒரு கோழி முட்டையை நிறுத்தப்போகிறது என்பதை, அது நிறுத்துவதற்கு முந்தின வாரமே அம்மா சொல்லிவிடுவார். கொண்டையைப் பார்ப்பார். கோழியைப் புரட்டி இடுப்பெலும்புக்கு நடுவில் இரண்டு விரல் வைப்பார். "கழிவு" என்று ஒரே ஒரு சொல். அந்தக் கோழி கூண்டை விட்டு லாரிக்குப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால் அன்று காலையும் அது முட்டை போட்டிருக்கும், நன்றாகக் கொக்கரித்துக்கொண்டும் இருக்கும். "நல்லாத்தானேம்மா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். "இன்னிக்கு நல்லாருக்குது சாமி. நான் இன்னிக்கப் பாக்கறதில்ல" என்றார்.

எங்கள் முழங்கால்களையும் அதே மாதிரிதான் பார்த்தார். பெருவிரலை வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார், பக்கத்து ரூமில் யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிற மாதிரி. கேட்டு முடித்ததும் அடுத்தவளிடம் நகர்வார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லவேண்டியதை அட்டை சொல்லும்.

முப்பது முட்டை பிடிக்கிற அட்டை. எந்தப் பெண்ணை நிறுத்துவதென்று முடிவு செய்தாரோ, அவள் கட்டிலில் அது இருக்கும். நாங்கள் விடியற்காலை ஓடப்போகிற நேரத்தில் அம்மாவே வந்து வைத்துவிட்டுப் போவார். ஓடிவிட்டு வேர்வையோடு திரும்பினால், கட்டிலின் நடுவில் நிறைந்த முட்டை அட்டை. அன்று மத்தியானம் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குப் போகவேண்டும். பேச்சு கிடையாது, அழுகை கிடையாது, ஏனென்று கேட்பதும் கிடையாது. அம்மா எதையும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். அட்டை வைத்தால் சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். முட்டை அட்டையோடு ஒரு பெண் பஸ் ஏறினால் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்பவருக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். "பாத்துப் போ அம்முணி" என்பார்.

நான் சேர்ந்தபோது ராசிபுரத்து அக்கா ஒருத்தி கேப்டன். என்னமாய் ஆடுவாள்! ஒரு ஃபைனலில் கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். ஊரே அவளைத் தோளில் தூக்கியது. அடுத்த வாரம் அவள் கட்டிலில் அட்டை. எங்களுக்கு ரத்தம் கொதித்தது. அவளும் விடவில்லை, வேறொரு டீமில் சேர்ந்துகொண்டாள். இரண்டே மாதம். ஒரு சாதாரண ஆட்டத்தில், யாரும் தொடாமலேயே, ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு ரூமில் ஒவ்வொருத்தியும் தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதுவரை அம்மாவின் மேல் இருந்தது கோபம். அதற்குப் பிறகு வந்தது வேறு.

இன்னொரு நாள் நாலாம் ஷெட்டில் நோய் வந்தது. காலையில் பத்துக் கோழி தலையைத் தொங்கப்போட்டிருந்தன. அம்மா போய்ப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ஜேசிபி வந்து குழி தோண்டியது. அந்த ஷெட்டின் அத்தனை கோழியும், நோய் வந்ததும் வராததும், குழிக்குள் போய் மேலே சுண்ணாம்பு விழுந்தது. சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் பிராக்டிஸைப் பார்த்தார். சேலை ஓரத்தில் சுண்ணாம்பு. எனக்குக் கையைப் பிடிக்கப் போனால் கை நழுவியது, காலைப் பிடிக்கப் போனால் கால் நழுவியது. "மனசு எங்க இருக்குது?" என்று அதட்டினார். எங்கே இருக்கும், குழியில்தான் இருந்தது.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவரை ராட்சசி என்று நினைத்துக்கொள்வீர்கள். அது நியாயம் இல்லை. எங்கள் அப்பா சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர். ஒருநாள் நன்றாகக் குடித்துவிட்டு, எனக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பண்ணை வாசலில் வந்து கத்தினார். நான் ரூமுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வாசல் கேட்டுக்குப் போனார். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு, வெளியிலிருந்து வருகிற யாரும் நோய் கொண்டுவராமல் இருக்க அதில் கால் நனைத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

"ஏனுங்க, செருப்பக் கழட்டிப்போட்டு இதுல நில்லுங்க" என்றார்.

அப்பா நின்றார்.

"எம் மவளக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன்."

"கூட்டிட்டுப் போங்க. மொதல்ல நில்லுங்க. நீங்க கொண்டாந்தது பூராம் போகோணுமுங்க."

எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லவில்லை. அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நின்று நின்று போதை இறங்கிவிட்டது. பிறகு அவரே தொட்டியை விட்டு வெளியே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அம்மாவின் காலில் விழுந்திருப்பேன். அவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறவர் இல்லை.

இனி கோகிலாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

கோகிலா அயோத்தியாப்பட்டணத்துக்காரி. எனக்கு அடுத்த கட்டில். டீமிலேயே பெரிய ரெய்டர் அவள்தான். அப்பா இல்லை, பெற்ற அம்மாவுக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை. அந்த வருஷத்துக்குள் ஏதாவது வேலை கிடைக்காவிட்டால் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். அவனைப் பற்றிக் கேட்டால், "அவன் இருக்கற ஊட்ல எலிகூடத் தங்காதுடி" என்பாள். விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு இருவரும் மனுப் போட இருந்தோம். அதற்கு மாநிலப் போட்டி ஃபைனலில் களமிறங்கிய சர்டிபிகேட் வேண்டும். அந்த வருஷம் போட்டி நாமக்கல்லிலேயே நடந்தது. நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம்.

வெள்ளிக்கிழமை அம்மாவின் பெருவிரல் கோகிலாவின் வலது முழங்காலில் வந்து உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து மூச்சை எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அம்மா கண்ணைத் திறந்து கோகிலாவின் முகத்தைப் பார்த்தார். முகத்தை அவர் ஒருபோதும் பார்ப்பதில்லை. பிறகு என்னிடம் நகர்ந்தார்.

"லேசா ஒரு பிடிப்பு இருந்துச்சுடி, அவ்ளோதான்" என்றாள் கோகிலா, ரூமுக்கு வந்த பிறகு. "அட்டை வருமா?"

"வராது. உன்னய நிறுத்திட்டு ஃபைனல் ஆடுவாங்களா?" என்றேன்.

"வரலன்னா முட்டி நல்லாருக்குன்னுதானே அர்த்தம்? அந்தம்மா வெரல் தப்பாது."

"தப்பாது" என்றேன்.

சனிக்கிழமை ஓட்டத்தின் நடுவில் என் ஷூ வாய் பிளந்துவிட்டது. மற்றவர்களுக்கு முன்னால் நான் மட்டும் ரூமுக்குத் திரும்பினேன். கோகிலாவின் கட்டிலில், போர்வையின் சரிநடுவில், அட்டை. ஜன்னல் வெளிச்சத்தில் முப்பது முட்டையும் பளிச்சென்று இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே மற்றவர்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. கோகிலாவின் சிரிப்பும் கேட்டது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். அட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தீனி மில்லுக்கு ஓடினேன். மக்காச்சோள மூட்டை அடுக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். ஒரு முட்டைகூட உடையவில்லை.

கோகிலா கதவைத் திறந்து தன் கட்டிலைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததே, அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. "முட்டி நல்லாருக்குடி!" என்று கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

சாயங்காலம் அவள் ஜெர்சி போட்டு மைதானத்தில் நின்றாள். அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோகிலாவைப் பார்த்தார். பிறகு வரிசையாக எல்லோரையும் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினார். நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். இதோ எழுந்துவிடுவார், இதோ 'வெளிய வா' என்பார் என்று முதுகெல்லாம் கூசியது. விசில் ஊதினார்கள். அவர் எழவில்லை.

கோகிலா எப்படி ஆடினாள் என்கிறீர்கள்! கால் மேல் அத்தனை நம்பிக்கை. லேசாகச் சந்தேகம் இருந்திருந்தாலும் பார்த்துக் கால் வைத்திருப்பாள். இரண்டாம் பாதியில் ஒரு ரெய்டில் நான்கு பேர் மடக்கியபோது, ஒருத்தியின் தலைக்கு மேல் எழும்பித் தாவினாள். தரையில் வலது கால் முதலில் ஊன்றியது. ஒரு சத்தம். காய்ந்த விறகை முறித்த மாதிரி. கை கோட்டைத் தொட்டிருந்தது; நாலு பாயிண்ட் என்று மைக்கில் கத்தினார்கள். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. அவள் எழவில்லை.

ஃபைனலையும் நாங்கள்தான் ஜெயித்தோம்.

முழங்கால் ஜவ்வு இரண்டு பக்கமும் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், இனி ஓட முடியாது. அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே போய்க் கோகிலாவின் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் நான் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன்.

"அட்டை எங்க?"

"சோள மூட்டைக்குப் பின்னாடிங்கம்மா."

"முட்டி எனக்குத் தெரியும் சாமி. உன்னயத்தான் தெரியாமப் போச்சு." பிறகு, "அவகிட்டச் சொல்லிப்போடு" என்றார்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலை ஓடிவிட்டுத் திரும்பினோம். எல்லாக் கட்டிலிலும் அட்டை இருந்தது. எங்கள் பதினோரு பேருக்கும். ஏழு வருஷம் தோற்காத டீம் தோற்று முடியவில்லை. அந்தக் காலையோடு நிறுத்தப்பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கோகிலாவின் கட்டில் மட்டும் காலியாக இருந்தது. நாங்கள் பதினோரு பேர் அட்டையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கடலைக்காரர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எனக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. கோகிலாவிடமும் அதே சர்டிபிகேட் இருந்தது, ஓடிக்காட்டக் கால் இல்லை. மாமன் வீட்டிலும், நொண்டிப் பொண்ணு வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள். அவள் அம்மா வேலை பார்த்த அதே ஜவ்வரிசி ஆலையில், உட்கார்ந்து மூட்டை தைக்கிற வேலைக்குப் போனாள்.

பொங்கல்தோறும் நான் பண்ணைக்குப் போவேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லாத மனுஷி, ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"சொல்லிப்போட்டயா சாமி?"

"இல்லைங்கம்மா."

"ம்." அவ்வளவுதான். காப்பி வரும். குடித்துவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்களும்தானேம்மா பாத்தீங்க? அவ ஜெர்சி போட்டு நின்னப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கலாமில்ல?" என்று கேட்டேவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அம்மா கோபப்படவில்லை.

"நிறுத்தியிருக்கலாம்" என்றார். "ஏழு வருசமுங்கற நெனப்பு. இவ இல்லாம இன்னிக்கு ஜெயிப்பமான்னு எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சு. வெரல் ஒண்ணு சொல்லுது, ஆச ஒண்ணு சொல்லுது. அந்த ஒரு நா ஆசயக் கேட்டுப்போட்டேன்." தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அதுக்கப்புறம் இதுக்கு டீமு எதுக்கு?"

போன வருஷம் கோகிலாவே கூப்பிட்டாள். பண்ணைக்காரம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் வரவில்லையாம், பார்த்துவிட்டு வரலாம் வா என்றாள். சாக்குச் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. போனோம். ஷெட்டுகளை யாருக்கோ குத்தகைக்கு விட்டிருந்தார்கள். வாசல் தொட்டியில் மருந்துத் தண்ணீர் மட்டும் பழையபடி இருந்தது. கோகிலா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நனைத்தாள், பிறகு மற்றக் காலை.

அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார். கோகிலா வலது காலை நீட்டிக்கொண்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். பழைய கதையெல்லாம் பேசினாள். பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள்:

"அத்தன பேருக்கும் அட்டை வெச்சு அனுப்புனாங்க. ஒருத்தி பாக்கியில்ல. எனக்கு மட்டும் வைக்கவே இல்ல தெரியுமா? கால் போனது என் நேரம். ஆனா இவங்க வெரல் என்னைய வேணாம்னு சொல்லல. மூட்ட தைக்கற எடத்துல நொண்டி நொண்டின்னு கூப்புடறாங்க. கூப்புட்டுக்கங்கடின்னு நெனச்சுக்குவேன். எனக்கு அட்டை வரலடி, அது போதும்."

நான் தலையைத் தூக்கவில்லை. அம்மாவின் நல்ல கை மெல்ல இறங்கியது. பெருவிரல் கோகிலாவின் வலது முழங்காலில், அந்தத் தழும்பின் மேல் உட்கார்ந்தது. நிமிர்ந்தேன். அவர் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கேள்வியைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது அம்மா என்னிடம் மட்டும், வாய் கோணி, வார்த்தை குழறச் சொன்னார். "வாசல்ல அட்டை வெச்சிருக்குது. எடுத்துட்டுப் போ. ஆருதுன்னு உனக்குத் தெரியும்." அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

சேலம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட். அட்டை என் மடியில். ராசிபுரம் தாண்டும் வரை கோகிலா பேசிக்கொண்டே வந்தாள். பிறகு முட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"போலீஸ்காரிக்கு இப்பவும் அட்டை குடுக்கறாங்க பாரேன். எனக்குப் பாதி தருவியா?"

"பூராவும் உன்னுதுதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "உன்னுது கோகிலா. ஃபைனல் அன்னிக்குக் காலைல உன் கட்டில்ல இருந்துச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் யாரிடமோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார். கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மல்லூர் வந்தது, போனது.

"வெச்சாங்களா" என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

"ஆமா."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

சீலநாயக்கன்பட்டி பைபாஸில் அவள் இறங்கவேண்டும். எழுந்தாள். என் மடியிலிருந்த அட்டையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். படியில் வலது கால் மடங்காது, பக்கவாட்டில்தான் இறங்குவாள். பின்னாலேயே எழுந்து போய் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"புடிக்காத" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். அவள் கம்பியில் தோளைச் சாய்த்து, ஒரு படி, இன்னொரு படி, பிறகு தரை. முப்பது முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை. பஸ் நகர்ந்தது. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊருக்கு அனுப்பப்பட்ட பெண்கள் எல்லோரும் நடந்த மாதிரியே, அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.